சுரக்குறிப்பு: திருவாரூர் மரபிலிருந்து கணினி வரை

சுரக்குறிப்பு என்பது ஒரு பாடலின் சுரங்களையும் தாளக் கணக்கையும் எழுத்தில் பதிவு செய்யும் முறையாகும். கர்நாடக இசையில் இது முதலில் ஓலைச்சுவடியிலும் கையெழுத்துப் படியிலும் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் அச்சுக்கும், 20-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கணினிக்கும் வந்தது. இன்று பாடலைக் குறியீடாக எழுதவும், எழுதியதை ஒலியாகக் கேட்கவும், இணையத்தில் பகிரவும் மென்பொருள்கள் உள்ளன. எனினும் ஓலைக்கும் அச்சுக்கும் இருந்த கேள்வியே கணினிக்கும் உள்ளது. பாட்டில் எவ்வளவை எழுத வேண்டும், எவ்வளவை ஆசிரியரின் வாய்க்கு விட்டுவிடலாம் என்பதே அக்கேள்வி. இதற்கு மிக விரிவான அச்சு விடையை அளித்தவர் திருவாரூரில் பிறந்த சுப்பராம தீட்சிதர்.

திருவாரூரும் வாய்வழிப் பாடமும்

கர்நாடக இசையின் மும்மூர்த்திகள் மூவரும் திருவாரூரில் பிறந்தவர்கள். சியாமா சாஸ்திரிகள் 1762-இலும், தியாகராஜர் 1767-இலும் பிறந்தனர். இவர்களுக்குச் சில ஆண்டுகள் இளையவர் முத்துஸ்வாமி தீட்சிதர். இவருடைய தந்தை இராமஸ்வாமி தீட்சிதர் ஹம்ஸத்வனி இராகத்தை உருவாக்கியவர். திருவாரூர்த் தியாகராஜர் கோயிலில் நாகஸ்வரம் வாசிக்கும் முறையை வகுத்தவரும் அவரே.

மூவரின் பாடல்களும் குரு பாட, சீடர் கேட்டுத் திரும்பப் பாடும் முறையில் பரவின. நினைவுக்கு உதவியாகச் சீடர்கள் சாகித்தியத்தை எழுதி வைத்துக்கொண்டனர். சிலர் சுரத்தையும் சேர்த்து எழுதினர். தியாகராஜரின் சீடரான வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதரின் வழியில் வந்த கையெழுத்துப் படிகள் மதுரை சௌராஷ்டிர சபையில் பாதுகாக்கப்பட்டன. தியாகராஜரின் பாடல்களை ஆய்வோருக்கு இவை முதன்மைச் சான்றாகும்.

இம்முறையில் ஒரு பெரும் இடர் இருந்தது. சீடர் இல்லாத ஆசிரியரின் பாட்டு அவரோடு முடிந்துவிடும். ஒரு பாட்டு இரண்டு மூன்று சீடர் வழிகளில் சென்றால் இரண்டு மூன்று வடிவம் பெறும். குருவின் வீட்டில் தங்கிக் கற்க இயலாதவருக்கு அது எட்டாமலே போகும்.

குறியீட்டின் அடிப்படை

கர்நாடக இசையின் சுரக்குறிப்பு ஸ, ரி, க, ம, ப, த, நி என்ற 7 எழுத்துகளால் ஆனது. ஓர் எழுத்து குறிலாக இருந்தால் ஓர் அளவு, நெடிலாக இருந்தால் இரண்டு அளவு. சுரத்தை மேலும் ஓர் அளவு நீட்டக் காற்புள்ளியும், இரண்டு அளவு நீட்ட அரைப்புள்ளியும் இடுவர். எழுத்தின் மேல் புள்ளி இருந்தால் மேல் ஸ்தாயி, கீழே புள்ளி இருந்தால் கீழ் ஸ்தாயி. தலைக்கு மேல் கோடு இட்டால் வேகம் இரட்டிக்கும். தாளத்தின் அங்கங்களைப் பிரிக்க நேர்க்கோடுகள் இடப்படும்.

இவ்வளவும் எழுதினாலும் பாட்டு முழுமையாக வந்துவிடாது. எடுத்துக்காட்டாக, தோடி இராகத்தின் காந்தாரம் எழுத்தில் 'க' மட்டுமே. பாடும்போது அது ஓரிடத்தில் நிற்பதில்லை. அருகிலுள்ள சுரங்களைத் தொட்டு அசைகிறது. அந்த அசைவே கமகம். அசைவு இல்லாமல் பாடினால் சுரம் சரியாக இருந்தும் தோடி வராது. அதே 'க' வேறோர் இராகத்தில் வேறு வகையில் அசையும், அல்லது அசையாமல் நிற்கும். ஆகவே சுரம் மட்டும் எழுதிய குறிப்பு, ஏற்கெனவே பாட்டைக் கேட்டவருக்கு நினைவூட்டும். கேளாதவருக்கு முழுப் பாட்டையும் கற்றுத் தராது.

ஐரோப்பியக் கோடுகளில் ஒரு முயற்சி

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தெலுங்கு எழுத்தில் சுரக்குறிப்புடன் இசைநூல்கள் சென்னையில் அச்சாகத் தொடங்கின. தச்சூர் சிங்காராசார்யுலு சகோதரர்களின் நூல்கள் மாணவரிடையே பரவலாக வழங்கின. இவை பெரும்பாலும் சுரத்தையும் தாளத்தையும் மட்டுமே காட்டின.

அதே காலத்தில் ஏ. எம். சின்னஸ்வாமி முதலியார் வேறு வழியை எடுத்தார். இவர் சென்னையைச் சேர்ந்த கிறித்தவர், முதுகலைப் பட்டம் பெற்றவர். தியாகராஜரின் கிருதிகள் உலகம் முழுவதும் படிக்கப்பட வேண்டுமென விரும்பி, 1890-களின் தொடக்கத்தில் அவற்றை ஐந்து கோடுகள் கொண்ட ஐரோப்பியக் குறியீட்டில் வெளியிட்டார். தம் பொருளையும் உழைப்பையும் இதில் செலவிட்டார். நாளடைவில் அவருடைய கண்பார்வை குன்றியது. முத்துஸ்வாமி தீட்சிதரின் கிருதிகளைத் தேடிய முயற்சியில்தான் அவருக்கு எட்டயபுரம் சமஸ்தான வித்வானாக இருந்த சுப்பராம தீட்சிதரின் தொடர்பு ஏற்பட்டது.

சங்கீத சம்பிரதாய பிரதர்சினி

சுப்பராம தீட்சிதர் 1839-இல் திருவாரூரில் பிறந்தார். முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பியும், வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவருமான பாலுஸ்வாமி தீட்சிதர் இவருடைய தாய்வழிப் பாட்டனார். இவரைத் தத்தெடுத்து வளர்த்தவரும் அவரே. முத்துஸ்வாமி தீட்சிதர் தம் இறுதிக் காலத்தில் எட்டயபுரம் சென்று 1835-இல் அங்கேயே மறைந்தார். பாலுஸ்வாமி அவ்வூர் அரண்மனை வித்வானாக விளங்கினார். இதனால் திருவாரூர்க் குடும்பத்தின் பாடாந்தரம் எட்டயபுரத்தில் நிலைபெற்றது.

குடும்பச் சொத்தாக இருந்த பாடாந்தரத்தை அச்சில் வெளியிடுவது எளிதான முடிவு அன்று. சின்னஸ்வாமி முதலியாரின் வற்புறுத்தலும் எட்டயபுரம் அரசரின் ஆதரவும் சேர்ந்தே இதனைச் சாத்தியமாக்கின. 1904-இல் எட்டயபுரம் வித்யா விலாசினி அச்சகத்தில் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' தெலுங்கில் வெளிவந்தது. முத்துஸ்வாமி தீட்சிதரின் 229 கிருதிகள், 72 மேளங்களின் வரிசையில் இராகங்களின் இலக்கணம், கீதங்கள், தானங்கள், பிரபந்தங்கள், இசைவாணர் வரலாறுகள் ஆகியவை இதில் அடங்கும்.

இந்நூலின் தனிச்சிறப்பு கமகக் குறிகளாகும். கம்பிதத்துக்கு அலைக்கோடு, ஸ்புரிதத்துக்கு மூன்று புள்ளிகள், ஏற்ற ஜாருவுக்கு ஏறும் சாய்கோடு, இறக்க ஜாருவுக்கு இறங்கும் சாய்கோடு என ஒவ்வொரு அசைவுக்கும் ஓர் அடையாளம் வகுக்கப்பட்டது. நொக்கு, ரவை, கண்டிப்பு, வளி, ஒதுக்கல், ஒரிகை ஆகியவற்றுக்கும் தனிக் குறிகள் உண்டு. இப்பெயர்களில் பல, வீணையின் மெட்டுகளில் விரல் செய்யும் வேலையைச் சொல்பவை. ஒதுக்கல் என்பது ஒரே மெட்டில் தந்தியை ஒதுக்கி இழுத்து மேற்சுரத்தைப் பெறுவது. ஜாரு என்பது தந்தியின் மேல் விரலைச் சறுக்குவது. கையால் கற்பித்துவந்த ஒன்றை அச்சுக் கோக்கும் குறியாக மாற்றியதே இந்நூலின் பெரும் பணி.

சுப்பராம தீட்சிதர் 1905-இல் தொடக்க மாணவருக்கென 'பிரதமாப்யாச புஸ்தகமு' என்ற நூலையும் வெளியிட்டு, 1906-இல் மறைந்தார். எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார் அவருக்கு இரங்கற்பா பாடினார்.

வட இந்திய இசையறிஞர் பாத்கண்டே 1904-இல் தென்னாட்டுப் பயணத்தின்போது சுப்பராம தீட்சிதரைச் சந்தித்தார். பின்னர் பாத்கண்டே வகுத்த எளிய குறியீடு இந்துஸ்தானி இசைக் கல்வியில் பெருவழக்காயிற்று. சுப்பராம தீட்சிதரின் நுட்பமான குறியீட்டுக்கு அத்தகைய பரவல் கிடைக்கவில்லை. அதற்குரிய அச்செழுத்துகளைத் தனியே வைத்திருக்க வேண்டும். குறிகளைப் படிக்க மாணவர் தனியே பழக வேண்டும். எனவே பின்வந்த பெரும்பாலான பாடநூல்கள் கமகக் குறிகளை விட்டுவிட்டுச் சுரத்தையும் தாளத்தையும் மட்டும் அச்சிட்டன. எது அச்சிட எளிதோ அதுவே மரபாக நிலைத்தது.

தமிழ் எழுத்தில் சுரக்குறிப்பு

பிரதர்சினியின் குறியீடு பரவாததற்கு எழுத்தும் ஒரு காரணமாகும். அந்நாளில் தென்னகத்தில் இசைநூல்கள் பெரிதும் தெலுங்கிலேயே வந்தன. தெலுங்கு படிக்கத் தெரியாத தமிழ் மாணவருக்கு, திருவாரூர்க்காரர் ஒருவர் தமிழ்நாட்டில் அச்சிட்ட நூலும் மூடிய நூலாகவே இருந்தது.

தமிழில் எழுதும் முயற்சிக்குத் தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் முன்னோடி. சித்த மருத்துவராகவும் இசை ஆய்வாளராகவும் விளங்கிய இவர் (1859–1919), தாம் இயற்றிய தமிழ்ப் பாடல்களைச் சுரக்குறிப்புடன் 'கருணாமிர்த சாகரத் திரட்டு' என்ற நூலாக்கினார். 1912 முதல் தஞ்சாவூரில் இசை மாநாடுகளைக் கூட்டினார். 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெருநூலை வெளியிட்டார். இவற்றுக்காகத் தஞ்சாவூரில் சொந்த அச்சகமும் வைத்திருந்தார். 1940-களில் தமிழிசை இயக்கம் வலுப்பெற்றபோது அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தமிழ்ப் பாடல்களைச் சுரக்குறிப்புடன் தொகுதிகளாக வெளியிட்டது.

பிரதர்சினியைச் சென்னை மியூசிக் அகாதெமி 1961 முதல் தமிழ் எழுத்தில் ஐந்து பாகங்களாக வெளியிட்டது. தெலுங்குப் பதிப்புக்கும் தமிழ்ப் பதிப்பின் தொடக்கத்துக்கும் இடையே 57 ஆண்டுகள் கடந்திருந்தன. அதற்குள் இரண்டு தலைமுறை மாணவர்கள் கமகக் குறி இல்லாத பாடநூல்களிலேயே பழகிவிட்டனர்.

கணினியில் இசைக் குறியீடு

இதற்கிடையே மேலை நாடுகளில் மின்னணுக் கருவிகள் இசைக்குள் நுழைந்தன. 1983-இல் வெளியான மிடி என்ற முறை, கருவிகளும் கணினிகளும் இசைக் கட்டளைகளைப் பரிமாறிக்கொள்ள வழி செய்தது. எந்த சுரம், எப்போது தொடங்கி எப்போது முடிகிறது, எவ்வளவு விசையுடன் ஒலிக்கிறது என்பவற்றை மிடி எண்களாக அனுப்புகிறது. 1988-இல் ஃபினாலே, 1993-இல் சிபெலியஸ் ஆகிய மென்பொருள்கள் வந்தன. இவை ஐரோப்பியக் குறியீட்டை அச்சுத்தரத்தில் எழுதித் தந்தன. லில்லிபாண்ட், மியூஸ்ஸ்கோர் ஆகியவை கட்டணமின்றி எவரும் பயன்படுத்தும் திறந்த மூல மென்பொருள்களாக வளர்ந்தன. ஏபிசி என்ற குறியீடு சாதாரணத் தட்டச்சு எழுத்துகளைக் கொண்டே மெட்டுகளை எழுதவும் மின்னஞ்சலில் அனுப்பவும் உதவியது.

இவற்றைக் கர்நாடக இசைக்கு அப்படியே பயன்படுத்துவதில் இரண்டு தடைகள் உள்ளன.

முதல் தடை இசையின் இயல்பு. மிடியின் அடிப்படை, பியானோவைப் போல ஒரு ஸ்தாயிக்கு 12 நிலையான இடங்கள். சுரத்தை வளைக்க அதில் தனிக் கட்டளை உண்டு. ஆனால் எங்கே, எவ்வளவு, எந்த வேகத்தில் வளைப்பது என்பதை ஒவ்வொரு சுரத்துக்கும் யாராவது சொல்லியாக வேண்டும். எழுதிய சுரத்தை மட்டும் கொடுத்தால், கணினி இசைக்கும் தோடி ஆர்மோனியத்தில் விரலை வைத்து எடுத்ததுபோல் தட்டையாக இருக்கும்.

இரண்டாம் தடை எழுத்து. தமிழில் புள்ளி என்பது மெய்யெழுத்தின் அடையாளம். மேல் ஸ்தாயியைக் காட்ட 'ஸ'வின் மேல் புள்ளி வைத்தால், கணினிக்கு அது 'ஸ்' என்ற மெய்யெழுத்து. 'ரி'யின் பின் புள்ளியைத் தட்டினால் பல எழுத்துருக்களில் வெற்று வட்டம் ஒன்று தோன்றும். கீழ்ப்புள்ளியும் மேற்கோடும் தமிழ் எழுத்துருக்களில் இடம் பிசகி விழுவது உண்டு. அச்சகத்தில் கையால் கோத்தபோது இத்தொல்லை இல்லை. காற்புள்ளியிலும் முரண் உண்டு. கர்நாடக முறையில் அது நீட்டல். ஏபிசி முறையில் அது கீழ் ஸ்தாயி.

இதன் விளைவாகத் தமிழ்ச் சுரக்குறிப்புகள் இணையத்தில் பெரும்பாலும் படமாகவோ ஆங்கில எழுத்திலோ பகிரப்படுகின்றன. படத்தில் தேட முடியாது, திருத்த முடியாது, அதை ஒலியாக்கவும் முடியாது. யூனிகோடுக்கு முந்தைய காலத்தில், தனித்தனி எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பாடற்கோப்புகளும் இதே நிலையில் உள்ளன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற எழுத்துகளாகவே தெரிகின்றன.

கர்நாடக இசைக்கான மென்பொருள்கள்

இத்தடைகளை அறிந்து கர்நாடக இசைக்கென்றே சிலர் மென்பொருள் எழுதினர். அவர்களுள் முன்னோடி எம். சுப்ரமணியன். இவருடைய 'காயகா' என்ற மென்பொருளில் சுரங்களை எழுத்தாகத் தட்டச்சு செய்தால், கணினி அவற்றை இசைத்துக் காட்டும். சுருதியையும் வேகத்தையும் மாற்றிக்கொள்ளலாம். இராகத்தையும் சுரத்தின் முன்பின் சூழலையும் கொண்டு கமகத்தைக் கணினியே சேர்க்கும் முறை பற்றி இவர் 2009-இல் 'சங்கீத் நாடக்' இதழில் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்.

ஸ்ரீகுமார் கரைக்குடி சுப்ரமணியன் இதே சிக்கலைச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்ந்தார். சுருக்கமான சுரக்குறிப்பிலிருந்து கமகத்துடன் கூடிய இசையைக் கணினி எவ்வாறு பெறலாம் என்பதே 2013-இல் முடிந்த அவ்வாய்வின் பொருள். திரைப்பட இசையமைப்பாளர் ரமேஷ் விநாயகம் உருவாக்கிய 'கமகா பாக்ஸ்' முறை எதிர்த்திசையில் செல்கிறது. கமகத்தைக் கணினி ஊகிக்க விடாமல், கட்டங்களில் வரைந்து படிப்பவர் கண்ணுக்கே காட்டுகிறது.

ஆக, இரண்டு வழிகள் உள்ளன. குறைவாக எழுதி, மீதியை இராக அறிவால் நிரப்புவது ஒன்று. எல்லாவற்றையும் எழுதிவிடுவது மற்றொன்று. பழைய பாடநூல்கள் முதல் வழியைச் சேர்ந்தவை. அங்கே மீதியை நிரப்பியவர் ஆசிரியர். பிரதர்சினி இரண்டாம் வழியைச் சேர்ந்தது.

இணையப் பகிர்வும் திறந்த தரவுகளும்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்த படைப்பு பொதுவுடைமையாகிறது. மும்மூர்த்திகளின் பாடல்களும் 1904-ஆம் ஆண்டுப் பிரதர்சினியும் எவரும் பகிரக்கூடியவை. பிற்காலப் பதிப்புகளுக்கும் மொழிபெயர்ப்புகளுக்கும் ஒலிப்பதிவுகளுக்கும் தனி உரிமை இருக்கலாம் என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

பழைய நூல்களின் மின்படிகள் இணைய நூலகங்களில் கிடைக்கின்றன. பிரதர்சினியை ஆங்கில எழுத்தில், கமகக் குறிகளை விடாமல், தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாக வைத்துள்ளனர். ஒரு காலத்தில் எட்டயபுரத்துக்குச் சென்றாலும் கிடைத்திருக்காத பாடாந்தரத்தை இன்று எந்த ஊர் மாணவரும் கைபேசியில் பார்க்கலாம்.

எழுத்தை மட்டுமன்றி ஒலியையும் சேர்த்து ஆய்ந்தது 'காம்ப்மியூசிக்' திட்டம். பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகம் ஐரோப்பிய நிதியுதவியுடன் 2011 முதல் 2017 வரை இதனை நடத்தியது. சென்னை ஐஐடி இதில் பங்கேற்றது. கச்சேரி ஒலிப்பதிவுகளில் சுருதி எது, தாள ஆவர்த்தனம் எங்கே தொடங்குகிறது, எந்தச் சங்கதி எங்கே திரும்ப வருகிறது என்பவை குறிக்கப்பட்டன. இவற்றின் ஒரு பகுதி 'சரகா' என்ற பெயரில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. குறிப்பையும் பாட்டையும் அருகருகே வைத்தால், எழுத்தில் விடுபட்டதைக் காது நிரப்பிக்கொள்ளும்.

நிலைத்து நிற்கும் வடிவம்

இணையத்தில் ஏற்றிவிட்டால் பாட்டு என்றும் அழியாது என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. 2024 ஆகஸ்டில் ஃபினாலேயின் நிறுவனம் அம்மென்பொருளின் வளர்ச்சியை நிறுத்துவதாக அறிவித்தது. அதற்கே உரிய கோப்பு வடிவில் 35 ஆண்டுகளாகச் சேமித்த இசையமைப்பாளர்கள் தம் கோப்புகளை வேறு வடிவுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. 2004-இல் முதற்பதிப்பாக வந்த மியூசிக்எக்ஸ்எம்எல் என்ற பொது வடிவம் இதற்குப் பெரிதும் உதவியது. இது எவரும் படிக்கக்கூடிய எழுத்துக்கோப்பு. ஒரு நிறுவனத்தைச் சார்ந்தது அன்று.

கர்நாடக இசைக்கு இவ்வாறு அனைவரும் ஒப்புக்கொண்ட பொது வடிவம் இன்னும் அமையவில்லை. ஒரு மென்பொருளில் எழுதிய கிருதி மற்றொன்றில் திறப்பதில்லை. கமகக் குறிகளுக்கும் பொது உடன்பாடு இல்லை. 1904-இன் அச்சுப்படி இன்றும் படிக்கக் கிடைக்கிறது. 1990-களில் தட்டச்சு செய்த பல கோப்புகளைத் திறக்கவே இயலாது.

இன்றைய தேவை

திருவாரூரில் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்தின் இசைத் துறையும் மாவட்ட அரசு இசைப்பள்ளியும் இயங்குகின்றன. இசைப்பள்ளியில் நாகஸ்வரம், தவில் பயிலும் மாணவர்கள் உள்ளனர். இவர்களின் கலையே எழுத்தில் மிகக் குறைவாகப் பதிவாகியுள்ளது. கிருதிக்குச் சாகித்தியமாவது துணை நிற்கும். சுவாமி புறப்பாட்டில் வாசிக்கப்படும் மல்லாரிக்குச் சொற்களே இல்லை. சுரமும் தாளக் கணக்குமே அதன் உடல். நாகஸ்வரத்தின் நீண்ட அசைவுகளை வெறும் 7 எழுத்துகளால் பிடிக்க இயலாது. வாசிப்பவர் வழி அற்றுப்போனால் அந்த மல்லாரியும் போய்விடும்.

இதற்கு விலை உயர்ந்த கருவிகள் தேவையில்லை. யூனிகோடு தமிழில் தட்டச்சு செய்த சுரக்குறிப்பு, ஸ்தாயிக்கும் கமகத்துக்கும் எந்தக் குறி இடப்பட்டது என்ற விளக்கம், யாருடைய பாடாந்தரம் என்ற குறிப்பு, அவர் வாசித்த ஒலிப்பதிவு ஆகிய நான்கும் ஒன்றாக இருந்தால் போதும். எதிர்காலத்தில் எந்த மென்பொருள் வந்தாலும் அவற்றிலிருந்து பாட்டை மீட்டெடுக்க முடியும். ஆசிரியரின் இடத்தை இவை எடுத்துக்கொள்ளா. ஆனால் ஆசிரியர் கிடைக்காத மாணவருக்கும், மாணவர் கிடைக்காத ஆசிரியருக்கும் இடையே பாட்டு அறுந்துபோகாமல் இவை காக்கும்.